பென்சிலால் போட்ட கேள்விக்குறி

மோர்டென்ஸ்ருட், ஒஸ்லோ
14 ஜனவரி 2025

அன்புள்ள அத்தானுக்கு,

பொங்கல் நாளும் அதுவுமாக எழுதுகிறேன். காலையில் அக்கா போன் எடுத்து, "பொங்கினியோ, இல்லாட்டிக் கந்தோருக்கு ஓடிட்டியோ?" என்று கேட்டா. பொங்கினேன். பால் வழிந்து, புகை மணி அலறி, கீழ்வீட்டு மனுசி மேலே ஏறி வந்துவிட்டா. அவவுக்கும் ஒரு கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தேன். நீங்கள் நலமாக இருக்கிறீர்களா? முழங்கால் நோவு எப்படி?

நீங்கள் போன் எடுக்க மாட்டீர்கள், மின்னஞ்சல் பார்க்க மாட்டீர்கள். "கடிதம் எண்டால் பிரிக்கவும் செய்யலாம், பிரிக்காமல் வைக்கவும் செய்யலாம்" என்று அக்காவிடம் சொன்னீர்களாம். அதுதான் முத்திரை தேடி அலைந்தேன். ஒன்பது வருடமாக நாங்கள் இருவரும் ஓர் அறையில் இருந்ததில்லை அத்தான். அக்கா வியாழக்கிழமைகளில் புட்டும் கறியும் கட்டிக்கொண்டு ரயிலேறி வருகிறா. நீங்கள் வருவதில்லை. குறை சொல்லக்கூடாது என்றுதான் பார்க்கிறேன், முடியவில்லை.

விசயத்துக்கு வருகிறேன். நீங்கள் விட்டுப்போன பொறியியல் கந்தோரில், கட்டிடக் கணக்கு வேலையோடு பயிற்சிக்கும் என்னைப் பொறுப்பாக்கிவிட்டார்கள். அறுபத்துநாலு படங்களோடு ஒரு கணினிப் பாடம் இருந்ததே, ஞாபகமா? நீங்கள் அதை ஒரு பக்கம் ஓடவிட்டு, மறுபக்கம் உங்கள் கணக்கைச் செய்துகொண்டு, கடைசியில் "வாசித்தேன், விளங்கிக்கொண்டேன்" என்ற பொத்தானை அமத்துவீர்கள். இன்றும் எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். புதிய தலைவி ராக்ன்ஹில்ட் என்னைக் கூப்பிட்டு, "எல்லாரும் பாஸ். பிழைகள் மட்டும் போன வருசம் மாதிரியே இருக்கு. என்ன செய்யலாம்?" என்று கேட்டா.

நான் ஆறு கிழமை ஒவ்வொருவராகப் பக்கத்தில் போய் இருந்து ஒரே கேள்வியைக் கேட்டேன். மற்றவருடைய கணக்கைச் சரிபார்க்கும்போது சந்தேகம் வந்தால் முதலில் என்ன செய்வீர்கள்? பாதிப்பேர் சொன்னது: "ஆருடைய கணக்கு என்று பெயரைப் பார்ப்பேன்."

அதனால் இப்போது ஒவ்வொரு செவ்வாயும் ஒரு மேசை போடப் போகிறேன். இருவர் இருவராக உட்கார்த்தி, எங்கள் கந்தோரின் பழைய கணக்கு ஒன்றைக் கையில் கொடுத்து, பிழையைத் தேடச் சொல்வது. உண்மையான பிழை, உண்மையான தாள். நானே ஒரு விதியும் போட்டிருக்கிறேன்: பிழை விட்டவரின் அனுமதி இல்லாமல் அதை மேசையில் வைக்கக்கூடாது. கேட்கும்போது எதற்குக் கேட்கிறோம் என்று முழுதாக எழுதவேண்டும். ஆகையால் உங்களுக்குத் தெரிந்ததையே உங்களுக்கு எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2014 செப்டெம்பரில் ஒரு பள்ளிக்கூடத்தின் சைக்கிள் கொட்டகைக்கு நீங்கள் கணக்குப் போட்டீர்கள். கொட்டகையின் கூரைக்கு மேலே பள்ளிக்கூடத்தின் பெரிய கூரை. பெரிய கூரையின் பனி சரிந்து சின்னக் கூரையில் குவியும். அந்தப் பாரம் கணக்கில் சேரவில்லை. 2016 பெப்ரவரியில், காலை ஆறரைக்கு, கூரை விழுந்தது. உள்ளே பனி அள்ளிக்கொண்டிருந்த பராமரிப்பாளர் ஹால்வார் செத்துப்போனார். பிள்ளைகள் வர இன்னும் ஒன்றரை மணித்தியாலம் இருந்தது.

எந்தக் கணக்குக்கும் கடைசிப் பக்கத்தில் இரண்டு கையெழுத்து. போட்டவர் நீங்கள், சரிபார்த்தவள் நான். "வெள்ளிக்கிழமை பின்னேரம் குடுத்து அவசரப்படுத்தினது நான்தான். பார்க்க அவவுக்கு நேரம் தரேல்லை" என்று விசாரணையில் சொன்னீர்கள். என் பெயர் அறிக்கையில் வரவில்லை. நீங்கள் வேலையை விட்டீர்கள், நான் அதே கதிரையில் இருக்கிறேன்.

அந்தக் கணக்கை மேசையில் வைக்க அனுமதி தருவீர்களா?

அன்பு மச்சாள்,
நிலூஜா


ரொம்சோஸ்
27 ஜனவரி 2025

அன்புள்ள நிலூஜா,

உமது கடிதம் நாலு நாள் மேசையில் கிடந்தது. உம்முடைய அக்கா அதன்மேல் தேத்தண்ணிக் கோப்பையை வைத்து வட்டமும் விழுத்திவிட்டு, "பிரிக்கப் போறியளோ, நான் பிரிக்கட்டோ?" என்று கேட்ட பிறகுதான் பிரித்தேன். கந்தோர் விசயம் என்றேன். அவ நம்பினதாகத் தெரியவில்லை.

முழங்காலுக்கு ஒன்றுமில்லை, கிழமைக்கு ஒருக்கால் நினைவுபடுத்தும். அல்னபுருத் தபால் கிடங்கில் பொதி பிரிக்கிற வேலை தொடர்கிறது. அங்கே நான் பிழை விட்டால் ஆருடையதோ சப்பாத்து வடக்கே திரொம்சோவுக்குப் போய்விட்டுத் திரும்பி வரும். அவ்வளவுதான் நட்டம். அந்த வேலையை விடும்படி அபிஷா கரைச்சல் தருகிறாள். தகப்பன் எஞ்சினியர் என்று சொல்லத்தான் அவளுக்கு ஆசை. நான் அசையவில்லை.

பயிற்சியைப் பற்றி எழுதினீர். நல்ல யோசனை. நான் அங்கே இருபது வருடம் இருந்தேன், ஒருவரும் என்னிடம் வந்து "உனக்கு எங்கே தடக்குது?" என்று கேட்டதில்லை. பொத்தான் அமத்தினேனா என்றுதான் பார்த்தார்கள்.

நீராவது கேட்கிறீர் என்பதால் சொல்கிறேன். எனக்குச் சவள் சத்தம் கேட்கிறது. கொங்கிரீட்டில் பனி அள்ளும் சவள் உரசுகிற சத்தம். மூன்று இழுவை, பிறகு ஒரு நிறுத்தம், திரும்ப மூன்று. பனிக்காலத்தில் என்றால் கீழே யாரோ அள்ளுகிறார்கள் என்று சமாளிக்கலாம். ஜூன் மாதத்திலும் கேட்கிறது. எழும்பி யன்னலால் பார்ப்பேன், முற்றத்தில் பிள்ளைகள் பந்தடித்துக்கொண்டு நிற்பார்கள். காது டாக்டர் குழாயை விட்டுப் பார்த்துவிட்டு, என் வயதுக்கு அருமையான காது என்றார்.

அந்த மனிதனின் செத்தவீட்டுக்குப் போனது உமக்குத் தெரியாது. தேவாலயத்தில் கடைசி வாங்கில் இருந்தேன். வெளியே வரும்போது அவருடைய மனுசி ஒவ்வொருவருக்கும் கை கொடுத்துக்கொண்டு நின்றா. என்னைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒன்றின் தகப்பன் என்று நினைத்திருக்க வேண்டும். இரண்டு கையாலும் என் கையைப் பிடித்து, வந்ததற்கு நன்றி என்றா. நானும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

கணக்கை வையும். என் பெயரையும் போடும், மறைக்க வேண்டாம். ஒரேயொரு நிபந்தனை. கடைசிப் பக்கத்தை மேசையில் வைக்க வேண்டாம். ஏன் என்று கேளாதேயும்.

அன்புடன்,
சிறீஸ்கந்தராசா


மோர்டென்ஸ்ருட்
5 மார்ச் 2025

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு ரயிலில் அழுதேன். பக்கத்தில் இருந்த நோர்வேக்காரர் எழும்பி, இரண்டு கதிரை தள்ளிப் போய் இருந்தார். என்னைத் தனியே விடுகிறாராம், மரியாதைதான்.

செவ்வாய் மேசை நாலு முறை நடந்துவிட்டது. முதல் நாள் உங்கள் கணக்கை, பள்ளிக்கூடத்தின் வரைபடத்தையும் சேர்த்து, பெயரை மூடி வைத்துவிட்டு ஐந்து சோடிகளுக்குக் கொடுத்தேன். நாலு சோடி பிழையைப் பிடித்தது. ஆக விரைவாகப் பிடித்தவர்களுக்குப் பதினொரு நிமிடம். அடுத்த கிழமை வேறு ஐந்து சோடிகளுக்கு அதே தாள்கள், ஆனால் மேலே எங்கள் தலைமைப் பொறியியலாளரின் பெயரை அவரிடம் கேட்டே போட்டேன். ஒரு சோடிதான் பிடித்தது. மற்றவர்களிடம் பிறகு கேட்டால், மூன்று பேர் தாங்களும் கண்டதாகச் சொல்கிறார்கள். "அவர் யோசிச்சுத்தான் விட்டிருப்பார் எண்டு நினைச்சன்" என்று சொன்னான் ஒருவன். முதலாளியைப் பெயர் சொல்லி, தோளில் தட்டிக் கூப்பிடுகிற நாடு இது! சபை மரியாதை எங்களுக்கு மட்டும்தான் என்றிருந்தேன். இவர்களிடமும் வேறு உடுப்பில் இருக்கிறது.

மூன்றாம் கிழமை பெயர்களைத் திறந்து, நடந்ததைச் சொன்னேன். புதிதாக வந்திருக்கிற யதுர்ஷா, உங்கள் ரொம்சோசில் பிறந்து வளர்ந்த பிள்ளை, தாள்களை எண்ணிப் பார்த்துவிட்டு என்னிடம் தமிழில் கேட்டாள். "அக்கா, இதிலை அஞ்சு பக்கம்தான் இருக்கு. கொன்ட்ரோல் செய்து சரிபார்த்தது ஆர்? கடைசிப் பக்கம் எங்கை?"

"துலைஞ்சு போச்சு" என்றேன்.

நான் போட்ட மேசையில் இருந்துகொண்டு நானே பொய் சொன்னேன், அத்தான். அதனால் உங்களுக்கு ஒன்று சொல்லப் போகிறேன். நான் சொன்னால் நீங்கள் என்னை வெறுக்கக்கூடும். சொல்லாமல் இனி இருக்க முடியாது.

நான் அந்தப் பிழையைக் கண்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை உங்களுக்கு நினைவிருக்கும். அபிஷா பெரியபிள்ளையானாள் என்று அடுத்த நாள் சாமத்தியவீடு. மண்டபம், பலகாரம், பூமாலை எல்லாம் என் தலையில். நீங்கள் மூன்று மணிக்கு ஆறு தாளைக் கொண்டு வந்து, "பாத்துக் கையெழுத்தை வையும், அக்கா காரிலை நிக்கிறா" என்றீர்கள். கடைசிப் பக்கத்தில் இரண்டு கூரையையும் ஒன்றன் கீழ் ஒன்றாக வரைந்திருந்தீர்கள். வரைபடத்தைப் பார்த்த உடனேயே மனதில் பட்டது. மேலே இருக்கிற பனி எங்கே போகும்? பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டேன். நாலு நிமிடம்கூட ஆகவில்லை.

பிறகு யோசித்தேன். நாளைக்கு நானூறு பேருக்கு முன்னால் பட்டு வேட்டியோடு நிற்கப் போகிறவர். நாலு வருடம் தன் வீட்டில் வைத்துச் சோறு போட்டுப் படிப்பித்து, இந்தக் கந்தோருக்குக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தவர். அவரிடம் போய், "உங்கட கணக்கிலை பிழை" என்று எந்த வாயால் சொல்வது? திங்கள் கேட்கலாம் என்று அழிறப்பரால் அழித்துவிட்டுக் கையெழுத்து வைத்தேன். திங்கள் கேட்கவில்லை. அதன் பிறகும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து நான் பென்சில் வைத்துக்கொள்வதில்லை. உங்களுக்குச் சவள் கேட்கிறது, எனக்கு அந்த அழித்த இடம் தெரிகிறது. வெள்ளைத் தாள் எதை எடுத்தாலும் வலது மூலையில் அது இருக்கிறது. இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கிறேன்.

என்னைக் காப்பாற்றத்தான் அந்த நிபந்தனை வைத்தீர்கள் என்று தெரியும். தயவுசெய்து அதை எடுத்துவிடுங்கள். கடைசிப் பக்கத்தை வைக்க விடுங்கள். வேலை போனாலும் போகட்டும். அக்கா இனி என் முகத்தில் முழிக்க மாட்டாவோ என்பதுதான் பயம்.

உங்கள் நிலூஜா


ரொம்சோஸ்
21 மார்ச் 2025

நிலூஜா,

உம்மை வெறுக்கவில்லை. வெறுக்க எனக்கு உரிமை இல்லை. முழுதாக வாசியும்.

அந்த நிபந்தனை உம்மைக் காப்பாற்ற வைத்தது என்று நினைக்கிறீர். ஒன்பது வருடமாக நினைக்கிறீர். அக்காவும் அப்படித்தான் நினைக்கிறா, "என்ர தங்கச்சியைக் காட்டிக் குடுக்காத மனுசன்" என்று ஊரெல்லாம் சொல்கிறா. நானும் அதைக் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறேன். கேட்கச் சுகமாக இருந்தது.

சாமத்தியவீடு முடிந்த திங்கட்கிழமை, ஸ்கான் பண்ணுவதற்காகத் தாள்களை எடுத்துக்கொண்டு யன்னல் பக்கம் போனேன். காலை வெயில் சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. கடைசித் தாளில் ஒரு பள்ளம் தெரிந்தது. நீர் பென்சிலை எப்போதும் அமத்தித்தான் எழுதுவீர். அழித்தாலும் அச்சு போகாது. கேள்விக்குறி. எதைக் காட்டுகிறது என்பதும் அந்தக் கணமே எனக்கு விளங்கியது. பொய் சொல்ல மாட்டேன், உடனேயே விளங்கியது.

எனக்குக் கோபம் வந்தது. நேற்று வந்த பிள்ளை, நான் கொண்டுவந்து விட்ட பிள்ளை, எனக்குக் கேள்விக்குறி போடுகுதோ என்று. அரை மணித்தியாலம் அந்தக் கோபத்தோடு இருந்தேன். பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்: அவள்தானே அழித்திருக்கிறாள், யோசித்துப் பார்த்துச் சரியென்று கண்டுதான் அழித்திருப்பாள். உமது மேசை மூன்று அடி தூரத்தில் இருந்தது. திரும்பி, "ஏன் பிள்ளை இதைப் போட்டனீர்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஹால்வார் இன்றைக்கு ஓய்வூதியக்காரர். நான் தாளை மெசினில் வைத்து ஸ்கான் பண்ணி அனுப்பினேன். ஸ்கானில் அச்சு தெரியாது.

விசாரணையில் உம்மைக் கேட்டால் நீர் கேள்விக்குறியைச் சொல்லிவிடுவீர். பிறகு என்னைக் கேட்பார்கள், "நீ அதைக் கண்டாயா?" என்று. அந்த ஒரு கேள்விக்குப் பயந்துதான் உம்மைக் கேட்கவிடாமல் பழியை நானே எடுத்தேன். என்னைப் பெரிய மனுசன் என்று நினைத்தார்கள். நீரும் நினைத்தீர்.

அசல் தாள் என்னிடம்தான் இருந்தது. அபிஷாவின் சாமத்தியவீட்டு அல்பத்துக்குள் வைத்திருந்தேன். அல்பத்தை நான் மட்டும் எடுத்துப் பார்ப்பதாக அக்கா பகிடி பண்ணுவா, மகள்மேல் அவ்வளவு பட்சமாம்.

இத்துடன் அனுப்புகிறேன். வெளிச்சத்தில் சரித்துப் பாரும். செய்யவேண்டியதைச் செய்யும். எனக்கு இனி எழுத வேண்டாம்.

சி. சிறீஸ்கந்தராசா


மோர்டென்ஸ்ருட்
9 ஏப்ரல் 2025

அன்புள்ள அத்தானுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். பிரிக்காமல் வைக்க உங்களுக்கு உரிமை உண்டு. எழுத எனக்கு உரிமை உண்டு.

இரண்டு நாள் உங்கள்மேல் அப்படிக் கோபம். சமையலறையில் தனியே நின்று உங்களைத் திட்டினேன், வாய்க்கு வந்தபடி. ஒன்பது வருடம் நன்றிக்கடனில் குனிந்து நடந்தேனே! ஒவ்வொரு தீபாவளிக்கும் உங்களுக்கு வேட்டி எடுத்து அனுப்பினேனே! பிறகு தாளை எடுத்து விளக்கடியில் சரித்துப் பார்த்தேன். அது அங்கேயே இருந்தது. நானே போட்டு, நானே அழித்தது. கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

ராக்ன்ஹில்டிடம் என் பங்கைச் சொன்னேன். சட்டத்தரணிகளிடம் கேட்க வேண்டும், பள்ளிக்கூடத்துக்கும் ஹால்வாரின் மனுசிக்கும் அறிவிக்க வேண்டும் என்றா. என் வேலை என்ன ஆகும் என்று தனக்கே தெரியாதாம். செவ்வாய் மேசையை நிறுத்தச் சொல்லவில்லை.

நேற்றுச் செவ்வாய். கடைசிப் பக்கத்தை மேசையில் வைத்தேன். ஒவ்வொருவராக எடுத்து வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தார்கள். பன்னிரண்டு பேர். "சரிபார்த்தது நான். கண்டது நான். அழித்ததும் நான்" என்று சொன்னேன். காரணத்தையும் சொன்னேன், சாமத்தியவீட்டை விளங்கப்படுத்தத்தான் கொஞ்சம் கஷ்டப்பட்டேன். யதுர்ஷா மட்டும் தாளைக் கீழே வைக்கவில்லை. "அக்கா, அழிச்ச பிறகு இதை வேறை ஆரும் கண்டவையோ?" என்று கேட்டாள். விடாக்கண்டி. நல்ல பொறியியலாளராக வருவாள்.

"அதுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் இண்டைக்கு வரேல்லை" என்றேன்.

நீங்கள் கேள்விக்குறியைக் கண்டதை நான் சொல்லவில்லை. என் விதி அப்படி. அக்காவுக்கும் என்னுடையதை மட்டும்தான் சொன்னேன். போனை வைத்துவிட்டா. பத்து நாளாக அவவிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. வியாழக்கிழமைகளில் வாசல் மணி அடித்தால் அக்காதான், புட்டோடு நிற்கிறா என்று ஓடிப்போய்த் திறக்கிறேன்.

நேற்று மேசைக்குப் போகும் வழியில் ஒரு பென்சில் வாங்கினேன். எங்கள் சரிபார்க்கும் படிவம் உங்களுக்குத் தெரியும், இடப்பக்கம் கேள்வி, வலப்பக்கம் பதில். ஒன்றை எடுத்து, அன்று கேட்டிருக்க வேண்டியதை அமத்தி எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். வலப்பக்கம் வெறுமையாக இருக்கிறது.

ஈஸ்டர் முடிந்த செவ்வாய், ஏப்ரல் 22, காலை ஒன்பது மணி, மூன்றாம் மாடி. உங்களுக்கு ஒரு கதிரை போடுவேன்.

நிலூஜா


ரொம்சோஸ்
16 ஏப்ரல் 2025

அன்புள்ள நிலூஜா,

விடுமுறைக்கு முன் தபாலில் சேர்க்கவேண்டும், சுருக்கமாக எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அல்பத்தை அக்காவுக்கு முன்னால் விரித்து வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவ முதலாவது படத்தையே பார்த்துக்கொண்டிருந்தா. நீங்கள் இரண்டு பேரும் அபிஷாவின் இரு பக்கமும் ஆராத்தித் தட்டோடு நிற்கிற படம். "இதிலை நான் சிரிச்சுக்கொண்டு நிக்கிறன். அண்டைக்கே உங்கள் ரெண்டு பேருக்கும் தெரியுமோ?" என்று கேட்டா. "அவளுக்கு முதல்நாளே, எனக்குத் திங்கட்கிழமை" என்றேன். அல்பத்தை மூடிக் கொண்டுபோய் அலுமாரிக்குள் வைத்தா. மூன்று நாளாக என்னோடும் கதையில்லை. அந்த விசயத்தில் நானும் நீரும் இப்போது ஒன்று.

இன்று காலை எழும்பிப் பார்த்தால் கதவில் என் வெள்ளைச் சேர்ட் மடிப்புக் கலையாமல் மினுக்கித் தொங்குகிறது. அந்தச் சேர்ட்டைக் கடைசியாகக் கந்தோருக்குத்தான் போட்டேன். அவவிடம் கேட்கப் பயந்து, பிறகு கேட்டேன். "செவ்வாய்க்கிழமைக்கு" என்றா.

சவள் இன்றும் கேட்டது. மூன்று இழுவை, ஒரு நிறுத்தம். யன்னலுக்குப் போகவில்லை, உமது படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். அது நிற்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஹால்வாரின் மனுசிக்கும் எழுத வேண்டும். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. நீர் வந்து பக்கத்தில் இரும்.

படிவத்தைத் திருப்பி அனுப்புகிறேன். பேனையால் எழுதியிருக்கிறேன்.

அத்தான்


கேள்வி: மேல்கூரையின் பனி கீழ்க்கூரையில் விழுமே, அந்தப் பாரம் எங்கே? – நி.

பதில்: சேர்க்கவில்லை. உமது கேள்வியை அந்தத் திங்கட்கிழமையே கண்டேன். கேட்டிருக்க வேண்டும். – சி. சிறீஸ்கந்தராசா